மெல்பர்னில் அக்டோபர் வந்தாலே கண் அரிப்பா?

"வந்து இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை, இப்போது மட்டும் ஏன்?" என்று கேட்ட தம்பிக்கு: பெரும்பாலும் இது ரைகிராஸ் என்ற புல்லின் வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன் மகரந்தம் காற்றில் பறக்கும். உடம்பு அதை எதிரியாகக் கருதப் பழகுவதற்கே ஓரிரு வசந்தங்கள் ஆகலாம். அதனால்தான் புதிதாக வந்தவர்கள் முதலில் தப்பித்துக்கொள்கிறார்கள்.

கண் சிவந்தாலே 'மெட்ராஸ் ஐ' என்று பயந்து அறைக்குள் முடங்க வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கும். பீளை கட்டி, காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். அலர்ஜி என்றால் இரண்டு கண்ணும் ஒன்றாக அரிக்கும், தண்ணீராகக் கொட்டும், கூடவே தும்மலும் வரும். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் கதையே வேறு. அன்றே கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டைப் பாருங்கள். டாக்டரின் கடிதம் தேவையில்லை.

கசக்காதீர்கள். கசக்கினால் அரிப்பு கூடும். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழியே கூம்பு போலப் புடைத்துவிடலாம். ஈரத்துணியை ஃபிரிட்ஜில் வைத்துக் கண்மேல் போட்டால் நன்றாக அடங்கும். பார்மசியில் கீட்டோட்டிஃபென் என்ற அலர்ஜிச் சொட்டு மருந்து, டாக்டர் சீட்டில்லாமலே கிடைக்கும். லென்ஸ் போடுபவர்கள் இந்த மாதங்களில் கண்ணாடிக்கு மாறுவது நல்லது. சிவப்பை மட்டும் வெளுக்கவைக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் சிவப்பு இரட்டிப்பாகத் திரும்பும்.

ஊரிலிருந்து பெட்டியில் வரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம். இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகும், உண்மை. டாக்டர் கண்காணிப்பில்லாமல் தொடர்ந்தால் கண்ணழுத்தம் கூடலாம், புரையும் விழலாம். அத்தை கொடுத்தனுப்பினார் என்பதெல்லாம் காரணமல்ல. நந்தியாவட்டைப் பூவும் வேண்டாம்; பூவால் வந்த வினைக்குப் பூவா மருந்து?

வடக்குக் காற்று வீசும் நாளில் ஜன்னலைச் சாத்துங்கள், துணியைக் கொல்லையில் காயப்போடாதீர்கள். வீடு திரும்பியதும் முகம் கழுவுங்கள்.

இடிமழை எச்சரிக்கை வந்தால் மழைக்கு முன் வீசும் மகரந்தக் காற்றில் வெளியே நிற்காதீர்கள். 2016 நவம்பர் 21 மாலை இங்கே அப்படி ஒரு காற்றில் ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சுத் திணறியது. பத்துப் பேர் இறந்தார்கள். இந்தியா, இலங்கையில் பிறந்தவர்கள் அதிகமாகவே பாதிக்கப்பட்டார்கள். ஆஸ்துமாவே இல்லாமல் தும்மலும் கண் அரிப்பும் மட்டும் இருந்தவர்களுக்கும் மூச்சுத் திணறல் வந்தது. மூச்சுத் திணறலைத் தணிக்கும் நீல நிற இன்ஹேலரைப் பார்மசியில் சீட்டில்லாமல் வாங்கலாம். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 000-ஐ அழையுங்கள்.