பந்திங் புகை: செயற்கைக்கோள் படத்தில் பிடிபடவில்லை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். ஐந்து நாளாக விடியற்காலையில் கரிந்த வாடை. பத்து மணிக்கு மேல் குறைகிறது. அம்மாவுக்கு ஆஸ்துமா.

தீ எரியும் இடங்களைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்தில், விர்ஸ் (375 மீட்டர் துல்லியம்), மோடிஸ் (1 கிலோமீட்டர்) என்ற இரண்டு செயற்கைக்கோள் உணரிகளின் தரவையும் பார்த்தேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சதுப்பு நிலம் அடியில் கனன்றால் மேலே தெரியாமல் போகலாம், சரி. நாசாவின் வர்ல்ட்வியூ தளத்தில் உள்ள செயற்கைக்கோள் படத்தில் பாதி மேகம். காற்று மாசை அளக்கும் சென்டினல்-5பி செயற்கைக்கோள் கடப்பதோ மதியம் 1.30 வாக்கில்; அதற்குள் வாடை குறைந்துவிடுகிறது. ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோள் ஹிமாவாரி-9 பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. ஆனால் இருட்டில் புகை எங்கே தெரிகிறது?

புகை சுமத்ராவிலிருந்து வருகிறதா, பக்கத்திலேயே எரிகிறதா என்று பிரித்தறிய, எந்தச் செயற்கைக்கோள் தரவை எந்த உயரத்துக் காற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்?