பழைய கணினியில் இசை இடறும்போது: யாழ்ப்பாணத்துப் பட்டறிவுகள் சில

இசை மென்பொருள் "இழுக்கிறது" என்று சொல்லிப் பழைய மடிக்கணினியைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே: பாட்டு ஒலிக்கும்போது வெடிப்புச் சத்தம் வருகிறதா, அல்லது கோப்பைத் திறக்கவே நெடுநேரம் பிடிக்கிறதா? முன்னையது ஒலியை உரிய நேரத்துக்குள் கணித்து முடிக்க இயலாமையால் வருவது. பின்னையது பெரும்பாலும் வன்தட்டும் நினைவகமும் சார்ந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ரேம் வாங்கிப் போட்டவர்களை இங்கே நிறையவே கண்டிருக்கிறேன்.

நேரக் கணக்கு எளிமையானது. ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், பஃபர் அளவை, அதாவது ஒரு தடவையில் கணிக்கப்படும் ஒலித்துண்டின் மாதிரி எண்ணிக்கையை, 256 என்று வைத்தால், ஒவ்வொரு துண்டு ஒலியையும் கணித்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5.8 மில்லிநொடி, 1024 என்று வைத்தால் 23 மில்லிநொடி. பதிவுசெய்த தடங்களைச் சேர்த்துச் சீராக்கும் கலவை வேலையின்போது யாரும் நேரலையாகப் பாடுவதில்லை என்பதால், அப்போது 1024 அல்லது 2048 வைப்பதில் எந்த இழப்பும் இல்லை. பெரிய பஃபரில் பாடுபவருக்குத் தன் குரல் பிந்திக் கேட்கும் என்பதால், பதிவின்போது மட்டும் அதைக் குறைத்தால் போதும். 96 கிலோஹேட்ஸில் வேலை செய்தால் தரம் கூடும் என்று நம்பி அவ்வாறே கோப்பைத் தொடங்குபவர்கள், கணிப்புச் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாவதை மறந்துவிடுகிறார்கள். குறும்படத்துக்கு 48 கிலோஹேட்ஸ் போதுமானது.

மானிப்பாயில் குறும்படங்களுக்கு இசையமைக்கும் ஒரு தம்பியின் மடிக்கணினியின் செயலி இரண்டு கோர் (கணிப்பு அலகு) கொண்டது. மென்பொருளின் சுமைமானி சிவப்பில் நிற்க, விண்டோஸின் டாஸ்க் மனேஜர் 50 சதவீதத்தைத் தாண்டாமல் நின்றதால், மென்பொருளில்தான் பிழை என்று அவர் உறுதியாக இருந்தார். உண்மையில் அவர் எல்லாத் தடங்களையும் ஒரே பஸ்ஸுக்கு (பல தடங்கள் சேரும் பொதுத் தடத்துக்கு) அனுப்பி, அதன்மேல் ஈக்வலைசர், கம்பிரசர், ரிவேர்ப், லிமிட்டர் என்று ஒலியை மாற்றும் பிளகின்களை (மென்பொருளுக்குள் செருகும் சிறு நிரல்களை) வரிசையாக அடுக்கியிருந்தார். ஒரு சங்கிலியிலுள்ள பிளகின்கள் ஒன்றன் வெளியீட்டை மற்றது எதிர்பார்த்து நிற்பதால், அந்தச் சங்கிலி முழுவதும் பொதுவாக ஒரே கோரில்தான் ஓடும். இரண்டு கோரில் ஒன்று நிரம்பி மற்றது சும்மா நின்றால், டாஸ்க் மனேஜர் 50 சதவீதம் என்றுதான் காட்டும். துலாக் கிணற்றடியில் எத்தனை பேர் நின்றாலும், ஒரு துலாவில் ஒரு வாளிதானே மேலே வரும். பாரமான பிளகின்களைத் தனித்தனித் தடங்களுக்குப் பகிர்ந்து, முடிந்த தடங்களை ஃபிரீஸ் செய்து (பிளகின்களோடு சேர்த்து முன்கூட்டியே ஒலிக்கோப்பாக்கி), தடத்துக்கொன்றாக இருந்த ரிவேர்ப்களை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றை வைத்த பிறகு, அதே கணினியில் அதே பாட்டு இடறாமல் ஓடியது.

இதற்கு நேர்மாறானது கொக்குவிலில் கண்டது. சுமைமானி 20 சதவீதத்தில் அமைதியாக நிற்க, இடையிடையே மட்டும் படபடவென்று ஒலி உடைந்தது. சுமை குறைவாக இருக்கும்போதே ஒலி உடைந்தால், பிளகின்களை விட்டுவிட்டு, வன்பொருளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏதோ ஒரு டிரைவர் செயலியைச் சில மில்லிநொடிகள் பிடித்து வைத்துக்கொள்வதே அதற்கு வழக்கமான காரணம். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைச் சிறிது நேரம் ஓடவிட்டால், எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டிவிடும். அன்று காட்டியது வைஃபை டிரைவரை. டிவைஸ் மனேஜரில் வைஃபையை முடக்கியதும் உடைவு நின்றது. வெளி ஒலி இடைமுகம் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) இல்லாதவர்கள் ஏசியோ ஃபோர் ஆல் என்ற ஒலி டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம். அது உள்ளிருக்கும் ஒலி அட்டையின் தாமதத்தைக் குறைக்கும், ஆனால் இப்படிப்பட்ட டிரைவர் கோளாற்றைத் தீர்க்காது.

வெப்பத்தை நம்மவர்கள் போதியளவு கணக்கில் எடுப்பதில்லை. வலிகாமத்துச் செம்மண் தூசி விசிறியின் பின்னாலுள்ள தகட்டிடுக்கில் படிந்துவிட்டால், சித்திரை மாத மதியத்தில் செயலி 100 பாகை செல்சியஸை நெருங்கித் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். காலையில் நன்றாக ஓடிய கோப்பு பின்னேரத்தில் இடறுகிறது என்று ஒருவர் சொன்னால், நான் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பு திருகாணிகளைத்தான் கழற்றுவேன். தூசியை எடுத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால் போதும். மின்சாரமும் இதனோடு சேர்ந்ததே. 2022இல் நீண்ட மின்வெட்டு நேரங்களில் பேட்டரியில் கலவை செய்தவர்களுக்கு, சார்ஜரில் வராத உடைவுகள் வந்தன. பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ், செயலியின் வேகத்தைத் தணித்து வைப்பதே காரணம். பவர் ஆப்ஷனில் ஹை பெர்ஃபோமன்ஸைத் தெரிந்தால் இது பெருமளவு குறையும், பேட்டரியும் விரைவாகத் தீரும்.

வன்தட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்தில் சுழலும் பழைய வன்தட்டில், ஒரு சுற்றுக்கே 11 மில்லிநொடி ஆகும். பதிவுசெய்த சுரங்களை நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளிலிருந்து தேடியெடுக்கும் மாதிரி வாத்தியங்களை (சாம்பிள் வாத்தியங்களை) அதனால் ஈடுகொடுத்து வாசிக்க இயலாது. அதற்குப் பதிலாகச் சுழலும் தட்டில்லாத சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுவதே பழைய மடிக்கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு என்பது என் துணிபு. நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்றால், மாதிரி வாத்தியங்களை வாசிக்கும் கொன்டாக்ட் மென்பொருளில் உள்ள பர்ஜ் வசதியால், பாட்டில் வாசிக்கப்படாத சுரங்களின் மாதிரிகளை நினைவகத்திலிருந்து நீக்கிவிடலாம்.

இணுவிலில் ஒரு தவில் வித்துவானின் பதிவில் நடந்தது வேறு வகை. உடைவு எதுவும் இல்லை, பஃபரும் 128இல்தான் இருந்தது. ஆனால் அவர் இரண்டு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி, "தம்பி, என்ர அடி எனக்குப் பிந்திக் கேக்குது" என்றார். எல்லாத் தடங்களும் சேரும் இறுதித் தடமான மாஸ்டரில் இருந்த லிமிட்டரும் லீனியர் பேஸ் ஈக்வலைசரும் ஒலியை முன்கூட்டிப் பார்த்துக் கணிப்பவை. அவை மாஸ்டரில் இருப்பதால், அதற்காக எடுத்துக்கொள்ளும் தாமதம் எல்லாத் தடங்களின் ஒலியையும் பிந்தவைக்கும். வாசிப்பவர் தன் வாசிப்பை மென்பொருள் வழியாகக் கேட்கும்போது அந்தப் பிந்தலும் சேர்ந்தே காதுக்கு வரும். பாடகர்கள் பலர் இதைச் சகித்துப் பாடிவிடுவார்கள். தவில்காரர் காதுக்கு மறைக்க முடியாது. அவ்விரண்டையும் நிறுத்தி வைத்துப் பதிவை முடித்தோம். இடைமுகத்தில், மென்பொருள் வழியாகச் செல்லாமல் வாசிப்பைக் கேட்கும் நேரடிக் கேட்பு வசதி இருந்தால் அதுவே இன்னும் நல்லது.

கணினியை வேகமாக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் துப்புரவுச் செயலிகளை நான் எவருக்கும் போடச் சொல்வதில்லை. அவையே பின்னணியில் ஓடிச் சுமையாகின்றன. அதற்குப் பதிலாக, பதிவுக்கென்று உள்ள கணினியில் ரீப்பர் போன்ற இலகுவான இசைப்பதிவு மென்பொருளை வைத்துக்கொள்வது பயன் தரும். பழைய விண்டோஸிலும் அது ஓடும், 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கவும் விடுகிறார்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதாலும், எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லாததாலும், இத்தகைய கணினிகளை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருக்குமாறு இப்போது சொல்லிவருகிறேன். ஆனால் சில பிளகின்கள் உரிமத்தைச் சரிபார்க்க இடையிடையே இணையம் கேட்கும். வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.