பருவத்தின் நடுவில் வழிகாட்டி மாறிவிட்டார்: ஆலோசனை தேவை

முதுகலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். என் ஆய்வேட்டு வழிகாட்டி நீண்ட விடுப்பில் போய்விட்டதால், பருவத்தின் நடுவில் வேறொரு பேராசிரியரிடம் மாற்றிவிட்டார்கள். அவர் எனக்குப் பாடம் எடுத்ததே இல்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் 3 மாதங்கள் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க அவருடைய பரிந்துரைக் கடிதமும் வேண்டும். என்னைப் பற்றி எதுவுமே தெரியாதவர் அதில் என்னதான் எழுத முடியும்?

அவர் கடுமையானவர் அல்லர். நேரில் போனால் சிரித்த முகத்துடன் "எழுதிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்கிறார். அத்தியாயத்தை அனுப்பினால் பதில் வருவதில்லை. திரும்பவும் போனால் அதே "பார்க்கலாம்".

செய்து பார்த்தவை: மின்னஞ்சலை ஐந்தாறு வரிக்குள் சுருக்கி, ஒரே ஒரு கேள்வியுடன் அனுப்பினேன். மாணவர்களுக்கென அவர் ஒதுக்கிய நேரத்தில் போனேன். வாசலில் எப்போதும் கூட்டம். அவருடைய கட்டுரைகளைப் படித்து, ஒன்றில் அளவீட்டுப் பிழையைக் கணக்கிட்ட விதம் பற்றிக் கேட்டேன். அன்று மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, பலகையில் எழுதி எழுதி விளக்கினார். எவ்வளவு அருமையான ஆசிரியர்! அந்த ஆர்வம் என் ஆய்வேட்டின் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் வருத்தம். அவரிடம் ஆய்வு செய்யும் மூத்த மாணவர்கள் "பொறுமையாக இரு" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. துறைத்தலைவரிடம் போக மனமில்லை. அது புகாராகத்தான் போய்ச் சேரும்.

இப்படிப்பட்ட வழிகாட்டியிடம் படித்தவர்களும் இங்குள்ள பேராசிரியர்களும் சொல்லுங்கள்: அவருக்குத் தொந்தரவாகத் தோன்றாதபடி, வாரம் ஒருமுறை 15 நிமிடச் சந்திப்பை எப்படிக் கேட்டு வாங்குவது?