வெள்ளக் கதைகள்: தமிழ்ப் பகுதிக்கு உதவி தேவை

வணக்கம். சென்னையில் ஒரு வாசிப்பு வட்டத்துக்காக, வெள்ளக் கதைகளில் தெய்வமும் மனிதனும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அட்டவணை போடுகிறோம். முதலில் பேசுவது யார், மனிதன் பதில் சொல்கிறானா, வெள்ளம் வடிந்ததும் என்ன படைக்கிறான்: இவ்வளவுதான் கட்டங்கள்.

மெசொப்பொத்தேமியக் காவியமான கில்கமெஷின் 11-ஆம் பலகையில் ஏயா என்ற தெய்வம், வெள்ளம் வரப்போவதை மனிதனிடம் நேரே சொல்லாமல் நாணல் சுவரிடம் சொல்கிறார். பிறகு பலிக்குத் தேவர்கள் ஈபோல மொய்க்கிறார்கள். ஆதியாகமத்தில் நோவா வெள்ளம் முடியும்வரை வாயே திறப்பதில்லை. முதல் பேச்சே 9:25-இல் வரும் சாபம்தான். வேத நூலான சதபத பிராமணத்தில் (1.8.1) மீன்தான் மனுவிடம் அடைக்கலம் கேட்கிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். அந்த மீன் விஷ்ணு என்பது பிந்தைய புராணங்களில் வருவது. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் ஒப்பீடே கெட்டுப்போகும்.

தமிழில்தான் சிக்கல். இறையனார் அகப்பொருள் என்ற இலக்கண நூலின் உரையில் முதற்சங்கத்தில் சிவனே அமர்ந்திருக்கிறார், ஆனால் கடல்கொண்டபோது எச்சரிக்கை எதுவும் இல்லை. திருவிளையாடலில் கடல் பொங்கி வரும்போது சோமசுந்தரர் உக்கிரபாண்டியன் கனவில் சித்தராக வந்து எழுப்புகிறார். அவனோ ஓடவில்லை, கடல்மேல் வேலாயுதத்தை விடுகிறான். பிரளயத்தில் மிதந்த சீர்காழித் தோணியில் இருப்பது அம்மையப்பர், மனிதன் அல்ல.

எச்சரிக்கப்பட்ட மனிதன் படகேறும் தலபுராணம் தமிழில் உண்டா? படலம், பாட்டு எண்ணோடு சொல்லுங்கள். பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் கிடைக்கிற பதிப்பு என்றால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் குமரிக்கண்டக் கட்டுரைகள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.