கடைசி கரண்டுக்குப் பிறகு வந்த இரண்டு வாரங்கள்

இடது மார்பில் புற்றுக் கட்டியை அகற்றிய பின், வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 வாரங்கள், மொத்தம் 25 முறை எனக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அதைக் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் சொல்வோம். கடைசி நாளன்று தோல் கறுத்து, வெயிலில் நெடுநேரம் நின்றதுபோல் எரிந்ததே தவிர, பெரிய தொந்தரவு இல்லை. இனி ஆறிவிடும் என்று நம்பி வீட்டுக்கு வந்தேன். ஏழாம் நாள் அக்குளிலும் மார்பின் அடிமடிப்பிலும் தோல் உரிந்து நீர் கசியத் தொடங்கியது.

ஏதோ தவறு நடந்துவிட்டதென்று பயந்துபோனேன். மறுபடி போய்க் காட்டியபோதுதான் மருத்துவர் விளக்கினார். தோலின் அடியடுக்கில் உருவாகும் செல் மேலே வந்து சேர ஏறக்குறைய 4 வாரங்கள் ஆகுமாம்; கதிர் பழுதாக்குவது அந்த அடியடுக்கை என்பதால், மேல்தோல் உதிர உதிர அந்த இடத்தை நிரப்பப் புதுத்தோல் போதுமான அளவு வருவதில்லை; ஆகவே சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரங்களில்தான் புண் உச்சத்துக்குப் போகிறது. இதைக் கடைசி நாளிலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு இரவுகள் நான் அழுதிருக்க மாட்டேன். தினமும் தோலைப் பார்த்துவந்த நர்ஸம்மா அருகில் இல்லாத நாட்களில்தான் வலி கூடுகிறது. அதனால் கடைசி கரண்ட் முடிந்து கிளம்பும் முன், அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும், நடுவில் புண்ணானால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு காலை எழுந்தபோது நைட்டித் துணி மடிப்பில் ஒட்டிக் காய்ந்திருந்தது. இழுத்திருந்தால் தோலும் சேர்ந்து வந்திருக்கும். என் மகள் நார்மல் சலைனில் (மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான உப்புநீர்) காஸ் துணியை நனைத்து, கால்மணி நேரம் அந்த இடத்தின்மேல் வைத்திருந்து, துணி தானாக விட்ட பிறகே மெல்லத் தூக்கினாள். அன்றே மருத்துவர், சல்ஃபா மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு, அந்த வகையைச் சேர்ந்த சில்வர் சல்ஃபாடயசின் என்ற கிருமித்தடுப்புக் களிம்பும், புண்ணில் ஒட்டாத சிலிக்கான் டிரெஸ்ஸிங்கும் எழுதிக் கொடுத்தார். உள்ளாடையை அறவே விட்டுவிட்டேன்; கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து, மடிப்புக்குள் தோலும் தோலும் உரசாதபடி வைத்துக்கொண்டேன். எரிச்சலுக்கு ஐஸ் வைக்கத் தோன்றும், வைக்கக் கூடாது.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு அக்கறையோடு வந்த என் அத்தையிடம், திறந்த புண்ணில் எதையும் பூசக் கூடாது என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை, மகள்தான் சொன்னாள். கழுத்தெலும்புப் பக்கமும் கதிர் பட்டிருந்ததால் தாலிக்கொடி உரசி உரசி அங்கேயும் சிவந்திருந்தது. அதைக் கழற்றச் சொன்னது அத்தைதான். “புண்ணு ஆறட்டும் தாயி, பெறகு போட்டுக்கலாம்” என்று சாமி படத்தின் முன் வைத்தார்கள். ஐந்தாம் வாரம் அவர்கள் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்கள்.

*

சகோதரிக்கு வணக்கம். மேலே நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுக்காக 7 வாரங்களில் 35 முறை கதிர்வீச்சும், வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் கொடுத்தார்கள். முடிந்த பத்தாம் நாள் கழுத்து எரிகிறது என்றார். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நாங்களே சந்தனம் குழைத்துப் பூசினோம். அது காய்ந்து புண்ணோடு அடையாகப் பிடித்துக்கொண்டதில், அவர் தலையைத் திருப்பக்கூட முடியாமல் தவித்தார். இரண்டு நாளில் மஞ்சளாகச் சீழ் கட்டி, வாடை வந்து, காய்ச்சலும் 101 டிகிரியைத் தொட்டது. கீமோவில் உடலின் எதிர்ப்புச் சக்தியும் குறைந்திருந்ததால், அன்றிரவே அழைத்துப் போனது நல்லதாயிற்று என்றார்கள். ஆன்டிபயாடிக் ஊசியில்தான் தணிந்தது. சீழோ வாடையோ காய்ச்சலோ கண்டால், விடியட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

காலர் வைத்த சட்டையை அப்பா இன்னும் போடுவதில்லை. வெயிலில் இறங்கும்போது பருத்தித் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறார்; கதிர் பட்ட அந்தத் தோலை இனி எப்போதுமே வெயிலிலிருந்து காக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.