பொருள்: நீர்திறப்புச் செய்திச் சேவையில் ‘சந்தா’வுக்கு மாற்றுச் சொல் (இன்றே வேண்டும்)

அம்பையிலிருந்து:
தாமிரபரணிப் பாசனத்துக்குக் கால்வாய்வாரியாக நீர்திறப்புச் செய்தி அனுப்பும் இணையச் சேவையை ஏற்றப்போகிறோம். கோடகன், கன்னடியன், நதியுண்ணி, பாளையங்கால்வாய் என ஒன்றைத் தேர்ந்து, கைபேசி எண்ணை இட்டு, பொத்தானை அழுத்தவேண்டும். ‘சந்தா’ என்று போட்டால் துட்டு கேட்பதாக நினைத்து மூடிவிடுகிறார்கள். குறுஞ்செய்தி வார்ப்புருவை நாளை டிஎல்டி தளத்தில் (நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை முன்பதியும் தளம்) பதியவேண்டும். ஒப்புதலுக்குப் பின் அதன் மாறாப் பகுதியில் ஒரு சொல் மாறினாலும் செய்தி தடுக்கப்படும்.

பாளையிலிருந்து:
யூடியூபில் வரும் ‘குழுசேர்’ போதாதா?

அம்பை:
குழு என்றால் தாமும் பேசலாம் என்று எண்ணுவார்கள். இது ஒருவழி. பதில் எழுதினால் எங்கும் போய்ச்சேராது. விலகக்கூட இணைப்பைத்தான் தொடவேண்டும். அந்த இணைப்பையும் முன்கூட்டியே பதியணும். 2024 அக்டோபர் முதல் பதியாத இணைப்போடு போகும் செய்தி நின்றுவிடும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:
முரசறைதலின் ‘அறை’ இருக்க இரவல் எதற்கு? மணிமேகலையில் விழாவறை காதையே உண்டு. அறிவிப்பு ‘அறைவு’, பெறுபவர் ‘கேள்வர்’. ‘பறை’யும் சொல்லுதல்தான், மலையாளத்தில் இன்றும் பறைகிறார்கள். அறை, பறை, உரை மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு.

சேரன்மகாதேவியிலிருந்து:
அண்ணாச்சி, கேள்வன் என்றால் கணவன். ‘கோடகன் கேள்வர் பட்டியல்’ என்று போட்டால் ஊர் சிரிக்கும். செய்திக்கு நம் பக்கத்துச் சொல் இருக்கிறதே, ‘தாக்கல்’. ‘தாக்கல் சொல்லிவிடு’ என்றால் வயக்காட்டில் நிற்பவருக்கும் விளங்கும்.

ஸ்ரீவைகுண்டம்:
மனு தாக்கலில் வருகிற உருதுச் சொல்! அறிவிப்பை விட்டு அதற்கா போவது?

சேரன்மகாதேவி:
உருதோ என்னவோ, ஊரில் புழங்குகிறது. ‘அறைவு வருகிறது’ என்றால் கன்னத்தைப் பொத்திக்கொள்வார்கள்.

அம்பை:
இன்னொரு கணக்கு. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறிகள். தாண்டினால் 67, 67 ஆகப் பிரியும், கட்டணம் இரட்டிக்கும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக்குறி. ‘அறிவிப்பு’ 9, ‘தாக்கல்’ 7. விலகும் இணைப்பே பாதி இடத்தைத் தின்றபின் இரண்டு குறியும் பெரிது.

பாளை:
உலாவி அறிவிப்பு இலவசம்தானே? குறுஞ்செய்தி எதற்கு?

அம்பை:
ஐபோனில் ஐஓஎஸ் 16.4 பதிப்புக்குப் பிறகே, அதுவும் பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்தால்தான். அனுப்பும்போது சேவையகத்துக்கு 410 (‘இந்த முகவரி இனி இல்லை’) என்று பதில் வந்தால் அந்த முகவரியை அப்போதே நீக்கணும், இல்லையேல் பட்டியல் முழுக்கச் செத்த முகவரிகள். பக்கம் திறந்ததுமே அனுமதி கேட்கவும் கூடாது. ஒருமுறை ‘தடு’ அழுத்தினால் நம்மால் மறுபடி கேட்கமுடியாது. பொத்தானைத் தொட்டபின் கேட்பதே முறை. அதனால்தான் சொல்லுக்கு இத்தனை மல்லுக்கட்டு.

பாளை:
சரி, ‘தாக்கல்’ என்றே இருக்கட்டும். மணி பதினொன்று.

அம்பை:
வார்ப்புருவில் ‘தாக்கல்’, பொத்தானில் ‘தாக்கல் வேணும்’. காலையில் பதிகிறேன்.

ஸ்ரீவைகுண்டம்:
என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘வேணும்’ அல்ல, ‘வேண்டும்’. பொத்தானை மாற்ற எந்த ஒப்புதலும் தேவையில்லையே.