கிராமப்புறத்துல சின்ன புல்வெளியும் ஒட்டினாப்ல காடும் விலைக்கு வருது, வாங்கலாமா?

வேலியோரம்:
வணக்கம் மக்களே. ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு, அதுல இருந்து வேற எதுலயும் மனசு ஓட மாட்டேங்குது. டவுன்ல இருந்து நல்லா தள்ளி, ரெண்டு ஏக்கர் புல்வெளி, அதை ஒட்டி மூணு ஏக்கர் போல காடு, ஓரமா ஒரு ஓடை, எல்லாம் ஒரே துண்டா விக்கிறாங்க. வீடு கிடையாது, கரண்ட் கிடையாது, தண்ணி கனெக்‌ஷன் கிடையாது, வீடு கட்ட பர்மிஷன் இல்லன்னு விளம்பரத்துலயே போட்டிருக்கான். போட்டோவுல புல்வெளி பூரா பூவா கெடக்கு. எனக்கு விவசாயம் பண்ற எண்ணமெல்லாம் இல்ல, லீவு நாள்ல போய் இருக்கணும், புள்ளைங்க ஓடி விளையாடணும், நாலு மரம் நடணும், அவ்வளவுதான். வீட்டுல கேக்குறாங்க, "குடியிருக்கவும் முடியாது, விளைய வைக்கவும் போறதில்ல, அப்புறம் எதுக்கு அந்த இடம்"னு, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. புல்வெளி சும்மாதானே கெடக்கு, அதுலயும் மரக்கன்னு வச்சுட்டா அஞ்சு ஏக்கரும் காடாயிடும்னு ஒரு பிளான் வச்சிருக்கேன். இந்த மாதிரி இடம் வாங்கினவங்க, வாங்கப் போய் திரும்பி வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நேர்ல போனா என்ன பாக்கணும், ஏஜென்ட்கிட்ட என்ன கேக்கணும்?

மண்வெட்டி:
தம்பி, பூவை அப்புறம் பாக்கலாம், முதல்ல பாதையப் பாருங்க. ரோட்டுல இருந்து உங்க இடத்து கேட் வரைக்கும் போற மண்பாதை யாருது? அந்த இடத்தோட சேத்து விக்கிறாங்களா, இல்ல பக்கத்துக்காரன் நெலத்து வழியா போகுதா? பக்கத்துக்காரன் நெலம்னா, போக வர வழி பாத்தியம் பத்திரத்துல எழுதியிருக்கா, எழுதியிருந்தா நடந்து போக மட்டுமா, வண்டியும் போகலாமா, வெட்டுன மரத்த ஏத்திட்டு லாரி போகலாமா, பாதைய ரிப்பேர் பண்ற செலவு யார் தலையில, இதெல்லாம் ஒவ்வொண்ணா கேக்கணும். இந்த மாதிரி துண்டு நெலம் மலிவா வருதுன்னா பாதிக்கு மேல காரணம் பாதைலதான் இருக்கும், நான் பாத்த வரைக்கும் அப்படித்தான்.

அடுத்தது எல்லை. காட்டுக்குள்ள வேலி மக்கிப் போயிருக்கும், மரத்து மேல கம்பி ஏறிப் புதைஞ்சு கெடக்கும், மேப்புல இருக்குற கோடும் தரையில இருக்குற வேலியும் ஒத்துப் போகுதான்னு நடந்து பாருங்க. நெலத்த விக்கிறவங்க சில சமயம் வேட்டையாடுற உரிமையையோ, அடியில இருக்குற கனிமத்தையோ தங்கிட்டயே வச்சுக்குவாங்க, இல்ல ஏற்கனவே வேற ஒருத்தருக்கு வித்திருப்பாங்க. கூடாரம் அடிக்கக் கூடாது, ஷெட் போடக் கூடாது, துண்டு போட்டு விக்கக் கூடாதுன்னு பத்திரத்துல கண்டிஷன் இருந்தாலும் இருக்கும்.

எந்த நாடுன்னு நீங்க சொல்லல, அதனால ஒண்ணு சொல்றேன், நாட்டுக்கு நாடு இது ரொம்ப மாறும். பிரான்ஸ்ல 4 ஹெக்டேருக்குக் கொறைஞ்ச காட்டுத் துண்ட விக்கணும்னா, ஒட்டினாப்ல காடு வச்சிருக்கவங்களுக்கு முன்னுரிமை குடுக்கணும், நீங்க விலை பேசி முடிச்ச பிறகும் அவங்க உள்ள வரலாம். ஸ்வீடன், ஃபின்லாந்துல காடு உங்க பேர்ல இருந்தாலும் ஊர் ஜனம் தாராளமா நடந்து போகும், காளானும் பெர்ரிப் பழமும் பறிச்சுட்டுப் போகும், அதை நீங்க தடுக்க முடியாது. ஜெர்மனியிலயும் காட்டுக்குள்ள காத்தாட நடக்க எல்லாருக்கும் சட்டமே உரிமை குடுத்திருக்கு. "என் இடம், எனக்கு மட்டும்"னு நெனச்சு வாங்குறவங்க இத முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

இப்ப அந்தப் புல்லை யார் மேய்க்கிறாங்க, யார் அறுக்குறாங்கன்னும் மறக்காம கேளுங்க. வருஷக்கணக்கா ஒருத்தர் மாடு விட்டுட்டு இருந்தா, அது வெறும் வாய்ப்பேச்சா இருந்தாலும், அவருக்கு குத்தகைதாரர் மாதிரி ஒரு உரிமை சில இடத்துல வந்துடும்.

ஊர்க்குருவி:
மண்வெட்டி அண்ணன் காகிதத்தப் பாத்துட்டாரு, நான் புல்லுக்கு வர்றேன். உங்க கேள்வில என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த "சும்மாதானே கெடக்கு". தயவு செஞ்சு அந்தப் புல்வெளில மரம் நடாதீங்க!! போட்டோவுல இருக்குற பூ நெஜமா அந்த எடத்துல எடுத்ததா இருந்தா, அஞ்சு ஏக்கர்ல மதிப்பான பாகம் அந்த ரெண்டு ஏக்கர்தான். மரம் எங்க வேணா வளரும், பழைய புல்வெளி ஒரு தடவ போச்சுன்னா ஒரு ஆயுசுல திரும்பி வராது.

நம்புறதுக்கு ஒரு உதாரணம், எஸ்டோனியாவுல லாயலாட்டுன்னு ஒரு இடம் இருக்கு, அங்கொண்ணும் இங்கொண்ணுமா மரம் நிக்குற புல்வெளி, நூத்தாண்டுக் கணக்கா வருஷா வருஷம் அறுத்து வச்சிருந்தது. அங்க ஒரே ஒரு சதுர மீட்டர்ல 76 வகைச் செடி எண்ணியிருக்காங்க. ஒரு சின்ன சாப்பாட்டு மேசை அளவு எடத்துல 76! அறுக்குறத நிறுத்தினா புதர் ஏறி, நிழல் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமா அது அத்தனையும் போயிடும்.

ரெண்டாவது விஷயம் உரம். புல் மெலிஞ்சு கெடக்கேன்னு உரம் போட்டுடாதீங்க. இங்கிலாந்துல ராத்தம்ஸ்டெட்ல 1856ல ஆரம்பிச்ச புல்வெளி ஆராய்ச்சி இன்னிக்கும் நடக்குது, உரமே போடாத பாத்தியில ஏறக்குறைய 40 வகைச் செடி நிக்குது, அமோனியா உரமா கொட்டி மண்ணு புளிச்சுப் போன பாத்தியில ரெண்டு மூணு வகைதான் மிச்சம். மண்ணு ஏழையா இருந்தாதான் பூ பணக்காரியா இருக்கும். அதனால நேர்ல போறப்ப வேலியோரத்துல மட்டும் இல்லாம நடுவுலயும் எட்டிப் பாருங்க, அரிக்கிற செந்தட்டி மாதிரி செடியும் முழங்கால் ஒசரத்துக்கு தடிச்ச பச்சைப் புல்லும் மட்டும் மண்டியிருந்தா அங்க ஏற்கனவே நெறைய உரம் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், போட்டோ வேற எங்கயாவது எடுத்ததா இருக்கும்.

பராமரிப்புன்னு கேட்டா, பூவெல்லாம் விதை கட்டின பிறகு வருஷம் ஒரு தடவ அறுக்கணும், அறுத்தத ரெண்டு மூணு நாள் அங்கயே காய விட்டா விதை உதிரும், அப்புறம் அத்தனையையும் வாரி வெளிய கொண்டு போயிடணும். வாராம விட்டா அது மக்கி உரமாகி, தடிச்ச புல்லு எல்லாத்தையும் அமுக்கிடும். அறுக்குறது ஈஸி, வாருறதுதான் முதுகை முறிக்கும். பக்கத்துல ஆடு மாடு வச்சிருக்கவங்க புல்லுக்காக வந்து அறுத்துட்டுப் போனா உங்களுக்கு லாபம், ஆனா ராக்வார்ட்னு மஞ்சப்பூச் செடி இருந்தா அவங்க தொடவே மாட்டாங்க, அது காஞ்ச பிறகும் குதிரை, மாட்டுக்கு ஈரல்ல விஷம்.

நேரா_சொல்றேன்:
எதுக்கு இவ்வளவு பில்டப்பு? வாங்கு, கேட்டப் பூட்டு, அப்படியே விட்டுடு. இயற்கைக்கு அதப் பாத்துக்கத் தெரியும். மனுஷன் கை வச்சாதான் கெட்டுப்போகுது.

ஊர்க்குருவி:
@நேரா_சொல்றேன், காட்டுப் பக்கம் நீங்க சொல்றது ஓரளவு சரி, சாஞ்ச மரத்த அப்படியே கெடக்க விட்டா வண்டு, காளான், மரங்கொத்தி எல்லாம் பொழைக்கும், சுத்தம் பண்றேன்னு செத்த கட்டையெல்லாம் பொறுக்குறதுதான் தப்பு. ஆனா புல்வெளிக்கு அந்த நியாயம் செல்லாது. காட்டெருமை, காட்டுக் குதிரை மாதிரி பெரிய மிருகம் மேஞ்சு தெறந்து வச்சிருந்த எடத்த அப்புறம் மாடும் அரிவாளும் தெறந்து வச்சிருந்துச்சு. இப்ப ரெண்டும் இல்லாம நீங்க கேட்டப் பூட்டினா அஞ்சு வருஷத்துல முள்ளுப்புதர், இருபது வருஷத்துல ஒல்லி மரம். அது இயற்கைதான், மறுக்கல. அவர் காசு குடுத்து வாங்குறது அந்தப் பூவுக்காக, அதான் சொல்றேன்.

மரம்_ஏறி:
நான் மரம் வெட்டுற தொழில்ல இருக்கேன், காடு பக்கம் மட்டும் சொல்றேன். உள்ள போய் மேல பாருங்க, அப்புறம் கீழ பாருங்க. மேல வானமே தெரியாம ஒரே வயசு ஊசியிலை மரமா வரிசையா நின்னு கீழ ஒரு பச்சை கூட இல்லன்னா அது நட்டுட்டு மறந்து போன தோட்டம், கொஞ்சம் கொஞ்சமா இடையிடையே மரத்த வெட்டிக் கலைச்சு வெளிச்சம் விடணும், ஒரேடியா வெட்டினா மிச்சம் நிக்குறது அடுத்த புயலுக்கு சாஞ்சுடும். கீழ சின்ன கன்னு, புதர், பூ எல்லாம் கலந்து இருந்தா நல்ல காடு.

ஐரோப்பாப் பக்கம்னா ஆஷ் மரம் எவ்வளவு இருக்குன்னு எண்ணுங்க. 1990கள்ல போலந்துல தெரிய வந்த ஒரு பூஞ்சை நோய் கண்டம் பூரா பரவிடுச்சு, நோய் பிடிச்ச மரம் உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிருக்கும், நாங்களே அதுல ஏற மாட்டோம், மெஷின் வச்சுதான் இறக்கணும், அது செலவு. அந்த மரம் ரோட்டோரமாவோ பக்கத்து வீட்டுப் பக்கமாவோ நின்னா விழுந்தா பொறுப்பு உங்க தலையிலதான் வரும், இன்சூரன்ஸ் இல்லாம கையெழுத்துப் போடாதீங்க.

ஹேசல் மாதிரி மரம் இருந்தா தரையோட வெட்டி விடுங்க, கட்டையில இருந்து தழைச்சு ஏழெட்டு வருஷத்துல திரும்ப வெட்டுற பருவத்துக்கு வந்துடும், ஒவ்வொரு வருஷமும் ஒரு பாகம் வெட்டினா வெளிச்சம் சுத்திச் சுத்தி வரும், விறகும் கெடைக்கும். மான் தொல்லை இருந்தா மட்டும் தளிரை மொட்டையடிச்சுடும், வேலி போடணும். ஆனா உங்க மரம்தானேன்னு இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, இங்கிலாந்துல லைசென்ஸ் இல்லாம மூணு மாசத்துக்கு 5 கன மீட்டர்தான், அதுலயும் விக்கிறது 2 கன மீட்டருக்கு மேல போகக் கூடாது, மத்த நாட்டுல வேற கணக்கு. மூணு ஏக்கர்ல மரம் வித்து காசு பாக்கலாம்னு ஏஜென்ட் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. செயின்சா தனியா போய் ஓட்டாதீங்க, டிரெய்னிங் எடுத்துட்டு தொடுங்க. புள்ளைங்கள கூட்டிட்டுப் போனா வீட்டுக்கு வந்ததும் கால் மடிப்பு, காது பின்னாடி எல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க, உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் வெளையாட்டு கெடையாது.

வேலியோரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஊர்க்குருவி அக்கா, மரக்கன்னு பிளான கைவிட்டாச்சு, சத்தியமா. வீட்டுலயும் இத படிச்சுக் காட்டினேன், "வருஷா வருஷம் புல்லு வார நான் வர மாட்டேன்"னு இப்பவே சொல்லிட்டாங்க. ஏஜென்ட்டுக்கு போன் பண்ணி பாதை பத்திக் கேட்டேன், "இது வரைக்கும் யாரும் தடுத்ததில்ல சார், எல்லாரும் அந்த வழியாதான் போறாங்க"ங்கறாரு. இது போதுமா?

மண்வெட்டி:
போதாது தம்பி. "யாரும் தடுத்ததில்ல"ன்னா எழுத்துல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். இன்னிக்கு தடுக்காதவரு நாளைக்கு அந்த நெலத்த வித்தா புதுசா வர்றவரு கேட் போட்டுப் பூட்டலாம், அப்புறம் உங்க அஞ்சு ஏக்கருக்கு ஹெலிகாப்டர்லதான் போகணும். பழக்கத்தால வந்த உரிமைன்னு கோர்ட்டுல நிரூபிக்கலாம்தான், ஆனா அது வருஷக்கணக்கு, வக்கீல் செலவு வேற. விக்கிறவங்ககிட்டயே சொல்லுங்க, பாதை வச்சிருக்கவர்கிட்ட வண்டி போற பாத்தியத்த எழுதி வாங்கி பதிவு பண்ணிக் குடுத்தாதான் மேற்கொண்டு பேச்சுன்னு. அது அவங்க வேலை, உங்க வேலை இல்ல. அது கைக்கு வர்ற வரைக்கும் அட்வான்ஸா ஒரு பைசா குடுக்காதீங்க.

ஊர்க்குருவி:
நேர்ல போறப்ப ரெண்டு தடவ போங்க, மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள் ஒண்ணு, பூக்குற காலத்துல ஒண்ணு. ஓடை எவ்வளவு தூரம் ஏறுதுன்னு முதல் தடவ தெரிஞ்சுடும். அந்தப் போட்டோ எந்த மாசம், எந்த வருஷம் எடுத்ததுன்னு ஏஜென்ட்கிட்ட கேட்டு வையுங்க.

வேலியோரம்:
கேட்டாச்சு அக்கா. "பழைய ஓனர் குடுத்த போட்டோ, எப்ப எடுத்ததுன்னு தெரியல"ங்கறாரு. வர்ற வாரம் போறேன், மழை வேற பேஞ்சுட்டு இருக்கு. போய்ட்டு வந்து போட்டோவோட போடுறேன், மரம்_ஏறி அண்ணே அந்த ஆஷ் மரம் இலை வச்சு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு மட்டும் சொல்லிடுங்க.

மரம்_ஏறி:
ஒரே காம்புல எதிரெதிர் ஜோடியா சின்ன இலைங்க, நுனியில ஒண்ணு தனியா. இலை கொட்டியிருந்தா மொட்டு கரி மாதிரி கறுப்பா இருக்கும், அத வச்சு தெரிஞ்சுடும்.